படத்தின் அடியில் இல்லாத மூன்றாவது பெயர்

போன மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் மகள் பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையச் சேகரிப்பான கலிக்காவைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் பக்கத்தில் என்ர அலுவலக மடிக்கணினியோடு இருந்தேன்.

"மாமா, இங்க வந்து பாருங்கோ. இது எங்கட பிள்ளையார்தானே? ஏன் வேற பேர் போட்டிருக்கு?"

பார்த்தேன். யானைத் தலை, பெரிய வயிறு, சந்தேகமே இல்லை. ஆனால் கீழே பிரெஞ்சு எழுத்தில் இருந்த சொல்லை இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த வாய் 'பொலெயார்' என்றுதான் வாசிக்கும். அவளும் அப்படித்தான் வாசித்தாள். இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக வாசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொலெயார், பிள்ளையார். இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு தமிழர் சொன்னதை ஒரு பிரெஞ்சுக்காரர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்.

படத்தின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சொன்னேரா, வரைந்தவர். மற்றது புவாசொன், செதுக்கியவர். மொன்றியலில் வளர்ந்தவர்களுக்கு 'புவாசொன்' என்றால் மீன் என்று தெரியும். அதற்கும் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"வரைஞ்ச ஆளின்ர பேர் இருக்கு. வெட்டின ஆளின்ர பேரும் இருக்கு. இது பிள்ளையார் எண்டு சொல்லிக் குடுத்த ஆளின்ர பேர் எங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடி வாசித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு செப்புத் தகடு எப்படிப் படமாகிறது

முதலில் கொஞ்சம் பொறியியல்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புகைப்படம் கிடையாது. ஒரு புத்தகத்தில் நல்ல படம் வேண்டுமானால் செப்புத் தகட்டில் வெட்ட வேண்டும். தகட்டைக் கண்ணாடிபோல் மினுக்குவார்கள். ஓவியர் கொடுத்த படத்தை அதில் மாற்றிக்கொண்டு, கூரான உருக்கு உளியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். இன்னொரு வழியும் உண்டு. தகட்டின் மேல் மெழுகுபோன்ற பூச்சுப் பூசி, ஊசியால் அதைக் கீறி, அமிலத்தில் விடுவார்கள். கீறிய இடத்தைத் தவிர வேறு எங்கும் அமிலம் தொடாது. பெரும்பாலும் இரண்டு முறைகளையும் கலந்தே வேலை செய்தார்கள்.

பிறகு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைப்பார்கள். மை பள்ளங்களில் மட்டும் நிற்கும். ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளை அழுத்தியில் இழுத்தால், தாள் அந்தப் பள்ளங்களுக்குள் போய் மையை எடுத்துக்கொண்டு வரும். எழுத்து அச்சு வேறு மாதிரி. அதில் மை மேடான பகுதியில் நிற்கும். ஆகவே படத்தையும் எழுத்தையும் ஒரே அழுத்தியில் அடிக்க முடியாது. படப் பக்கத்தைத் தனியாக அடிக்க வேண்டும். செலவு அதிகம். அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தில் நூறு படம் இருந்தால், யாரோ நிறையப் பணம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு சிக்கலும் உண்டு. தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். செதுக்குபவர் கவனமாக முதலிலேயே திருப்பி வெட்டாவிட்டால் வலக்கை இடக்கையாகிவிடும். பாரிஸ் பிரபு ஒருவரின் படத்தில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் எந்தக் கையில் சங்கு, எந்தக் கையில் சக்கரம் என்பதற்கு அர்த்தம் இருக்கும் ஒரு உருவத்தில் அது பெரிய விஷயம். செதுக்குபவர் இந்தியாவைக் கண்டிருக்கமாட்டார். பிழை நடந்தால் "ஐயா, கை மாறிப்போச்சு" என்று சொல்ல அந்தப் பட்டறையில் எங்கட ஆள் ஒருவரும் இல்லை.

என்னுடைய தொழிலில் இதை நாங்கள் தினமும் காண்கிறோம். தரவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று தொலையும். எது முதலில் தொலைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அது எங்கிருந்து வந்தது என்ற தகவல்தான்.

காவியங்களுக்குப் படம் போட்ட காலம்

அந்த நூற்றாண்டில் பிரான்சில் காவியங்களுக்குப் படம் போடுவது ஒரு பெரிய மோகம்.

வோல்தேர் என்ற பெயரை பிரெஞ்சு வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அவர் நான்காம் ஆன்றி அரசனைப் பற்றிப் பத்துக் காண்டங்களில் ஒரு காவியம் எழுதினார், பெயர் 'லா ஆன்ரியாத்'. அதன் முதல் வடிவம் 1723 இல் வந்தது. 1728 இல் லண்டனில் படங்களோடு பெரிய பதிப்பு. 1770 இல் எய்சன் என்ற ஓவியரின் படங்களோடு இன்னொன்று.

இத்தாலியக் கவிஞர் தாசோவின் ஜெருசலேம் காவியத்துக்கு 1771 இல் பாரிஸில் ஒரு பதிப்பு வந்தது. அதற்குப் படம் வரைந்தவர் கிராவெலோ. இருபது காண்டங்கள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு படம். ரோமக் கவிஞர் ஓவிடின் 'உருமாற்றங்கள்' நூலுக்கு 1767 முதல் 1771 வரை நான்கு பாகங்களில் ஏறத்தாழ 140 தகடுகள் வெட்டினார்கள். அந்தக் காலத்தின் பெயர்பெற்ற ஓவியர்கள் பலர் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள்.

கேலுஸ் பிரபு என்று ஒருவர் இருந்தார். அவர் 1757 இல் ஒரு விசித்திரமான புத்தகம் போட்டார். ஹோமரின் இரண்டு காவியங்களையும் வர்ஜிலின் காவியத்தையும் எடுத்து, எந்தெந்தக் காட்சியை ஓவியமாக வரையலாம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஒரு கவிஞர் எத்தனை நல்ல ஓவியங்களுக்கு இடம் தருகிறார் என்பதை வைத்தே அவரை அளக்கலாம் என்பது அவருடைய எண்ணம். ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் அதை மறுத்து 1766 இல் ஒரு நூலில் வாதாடினார். கவிதை வேறு, ஓவியம் வேறு என்றார்.

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொது. முகப்புத் தாளில் கவிஞரின் பெயர் இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் கதையில் ஒரு கணம் படமாக நிற்கும். வீரன் காதலியைப் பிரிகிறான், கோட்டை எரிகிறது, தாய் மகனைத் தேடுகிறாள். படத்தைப் பார்ப்பவர் "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார்.

எங்கட கதைகள் போன அலுமாரி

அதே காலத்தில், அதே கருவிகளால், எங்கட கதைகளின் நாயகர்களையும் செதுக்கினார்கள். ஆனால் அவர்கள் வேறு அலுமாரிக்குப் போனார்கள்.

பெர்னார் பிக்கார் 1673 இல் பாரிஸில் பிறந்த புகழ்பெற்ற செதுக்குக் கலைஞர். புரட்டஸ்தாந்தர். பிறகு ஒல்லாந்துக்குப் போய் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். அங்கே 1723 இலிருந்து, உலகத்தில் உள்ள எல்லாச் சமயங்களின் சடங்குகளையும் வழக்கங்களையும் படங்களோடு சொல்லும் பெரிய பிரெஞ்சுத் தொகுதி ஒன்று வெளிவரத் தொடங்கியது. அதில் விஷ்ணுவின் அவதாரங்களும் உண்டு. பிக்கார் ஒரு நாளும் இந்தியாவுக்குப் போகவில்லை. கீழைநாடுகளைப் பற்றிய பல படங்களுக்கு அவருக்குக் கிடைத்த மூலம், அவருக்கு முன் மற்றவர்கள் போட்ட பயண நூல்கள்தான்.

இதில் கனடாவில் வாழும் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தொகுதியில் 'விக்கிரக வணக்கக்காரர்' என்ற தலைப்பில் வரும் பாகங்களில் இந்தியர் மட்டும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் முதற்குடிகளும் இருக்கிறார்கள், கனடா மண்ணின் மக்கள் உட்பட. அம்மம்மாவின் தெய்வங்களும், நாங்கள் இன்று குடியிருக்கும் இந்த மண்ணின் மக்களும் ஒரே தலைப்பின் கீழ் கட்டப்பட்டிருக்கிறோம். அந்தத் தலைப்பை இரண்டு பேரில் ஒருவரும் தெரிவு செய்யவில்லை. இவ்வளவுக்கும் அந்தத் தொகுதியைச் செய்தவர்கள் தங்கள் காலத்துக்கு விரிந்த மனம் உள்ளவர்கள். எல்லாச் சமயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்ததே அப்போது பெரிய துணிச்சல்.

பிக்காருக்கு முன்னால் போனால் எங்கட யாழ்ப்பாணம் வருகிறது. பால்தேயு பாதிரியார் என்று ஒல்லாந்தர் காலத்து மதகுரு ஒருவர். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் சில வருடங்கள் அங்கே வேலை செய்தார். ஊருக்குத் திரும்பி 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றைப் பற்றியும் அதில் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களும் உண்டு. வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, தெல்லிப்பழை. உங்களில் சிலரின் அப்பப்பாவின் ஊர் 350 வருடங்களுக்கு முன் செப்புத் தகட்டில் ஏறியிருக்கிறது.

அதே புத்தகத்தில் பத்து அவதாரக் கதைகளும் படங்களோடு வருகின்றன, இராமன் கதை உட்பட. யாழ்ப்பாணத்தில் இருந்த பாதிரியார்தானே, எங்கட ஆக்களிடம் கேட்டு எழுதியிருப்பார் என்று நான் நினைத்தேன். இல்லை. ஃபிலிப் ஆங்கல் என்ற இன்னொரு ஒல்லாந்தரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார், பெயர் சொல்லாமல். ஆங்கலுக்குச் சொன்னவர் யார்? அந்தப் பெயர் அதற்கும் முன்னாலேயே உதிர்ந்துவிட்டது.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் இருந்த ஆபிரகாம் ரோஜர் என்ற ஒல்லாந்து மதகுரு இந்துக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651 இல் அது அச்சானது. தனக்குச் சொல்லித் தந்தவர் பத்மநாபன் என்ற பிராமணர் என்று அதில் பெயரோடு எழுதி வைத்தார். ஒரு வரிதான். அந்த ஒரு வரியால் பத்மநாபன் இன்றும் வரலாற்றில் இருக்கிறார்.

மொன்றியலும் புதுச்சேரியும்

இனி சொன்னேராவின் கதை. அதற்கு முன் இரண்டு நகரங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

1760 செப்டெம்பர் 8 ஆம் திகதி மொன்றியல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாலு மாதம் கழித்து, 1761 ஜனவரி நடுப்பகுதியில், அதே போரில் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. புதுச்சேரியில் 1736 இலிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் கண் மூடினார்.

1763 இல் பாரிஸ் உடன்படிக்கை. கனடா ஆங்கிலேயருக்கு, புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரருக்கு. ஒரே தாளில் இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் எழுதப்பட்டது. புதுச்சேரி திரும்பிக் கிடைத்ததால்தான் அரசாங்கச் செலவில் பிரெஞ்சுப் பயணிகள் தொடர்ந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள்.

பியேர் சொன்னேரா 1748 இல் லியோன் நகரில் பிறந்தவர். இயற்கை ஆராய்ச்சியாளர், படமும் வரைவார். 1774 முதல் 1781 வரை அரசனின் ஆணைப்படி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் செய்த பயணத்தை 1782 இல் பாரிஸில் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். படங்கள் 140. ஓவிடின் காவியத்துக்கு வெட்டியதும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலான தகடுகளைச் செதுக்கியவர் எங்கட 'மீன்' ஐயா, புவாசொன்.

அந்த 140 இல் நெசவாளர், குயவர் போன்ற தொழில் செய்வோர், பறவைகள், செடிகள் எல்லாம் உண்டு. நடுவில் தெய்வங்கள், விஷ்ணுவின் அவதாரங்கள். இராமன் கதையையும் சொன்னேரா சுருக்கமாகச் சொல்கிறார். ஆனால் கிராவெலோ தாசோவுக்குச் செய்ததை இங்கே ஒருவரும் செய்யவில்லை. காண்டத்துக்கு ஒரு காட்சி இல்லை. கைகேயி வரம் கேட்கும் இரவு இல்லை. அசோகவனத்தில் சீதை கணையாழியை வாங்கும் கணம் இல்லை. அந்தப் படங்களைப் பார்ப்பவர் "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கமாட்டார், "இது என்ன?" என்றுதான் கேட்பார். தாசோவின் பாத்திரம் ஒரு கதைக்குள் இருந்தது. எங்கட இராமன் ஒரு அட்டவணைக்குள் இருந்தான்.

சொன்னேராவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. பழைய இந்தியாதான் மற்ற நாடுகளுக்குச் சமயமும் சட்டமும் கொடுத்தது என்று எழுதியவர். பிற்காலத்தில் திரும்பவும் இந்தியாவுக்கு வந்து பல வருடங்கள் வாழ்ந்தார். 1814 இல் பாரிஸில் இறந்தார். அவர் எழுத வந்தது பயண நூல். பயண நூலில் இராமன் ஒரு வழக்கமாகத்தான் தெரிவான், காவியமாகத் தெரியமாட்டான். அலுமாரி மாறினால் ஆளே மாறிப்போகிறார்.

பிரெஞ்சு எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்

இப்போது மருமகளின் கேள்விக்கு வருகிறேன். சொல்லிக் கொடுத்தவர் எங்கே?

அவர் பெயர் இல்லை. ஆனால் அவருடைய குரல் இருக்கிறது. சொன்னேரா தெய்வங்களின் பெயரை எப்படி எழுதினார் என்று பாருங்கள். சிவனை அவர் எழுதிய விதம் 'ஷிவென்'. மன்மதன் 'மன்மதின்'. உருத்திரன் 'ருத்ரென்'. கடைசியில் நிற்கும் அந்த 'ன்' சமஸ்கிருதத்தில் இல்லை, அது தமிழ் விகுதி. கணேசர் என்று எழுதாமல் பிள்ளையார் என்று எழுதினார். கார்த்திகேயர் இல்லை, சுப்பிரமணியர். இந்த இரண்டிலும் மரியாதைக்குச் சேர்க்கும் 'ஆர்', 'அர்' அப்படியே இருக்கிறது. தாங்கள் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்கிறோம் என்று தெரியாமலே பாரிஸ்காரர்கள் அந்தப் பெயர்களை வாசித்திருக்கிறார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது 'மரியாதால்'. மாரியாத்தாள். புத்தகத்துச் சொல் இல்லை அது. கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தும் ஒரு ஆள் சொல்லும் சொல். யாரோ ஒருவர் "ஐயா, இவதான் எங்கட ஆத்தாள்" என்று அந்த வெள்ளைக்காரருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கதையையும் சொல்லியிருக்கிறார். தாயின் தலை வெட்டப்படுகிறது. மகன் அவளை உயிர்ப்பிக்கப் போகும்போது தலை வேறு ஒரு பெண்ணின் உடலோடு சேர்ந்துவிடுகிறது. உயர்ந்த சாதியின் தலையும் ஒதுக்கப்பட்டவளின் உடலும் ஒரே தெய்வமாக எழுகின்றன. சொன்னேரா இதை எழுதினார். அவருடைய புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதை வாசித்த மகாகவி கேத்தே அந்தக் கதையைப் பல வருடங்கள் மனதில் வைத்திருந்து, 1820களில் 'பறையர்' என்ற தலைப்பில் மூன்று கவிதைகளின் தொடராக எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கரையில் பெயர் தெரியாத ஒருவர் சொன்ன கதை, ஒரு பிரெஞ்சுக்காரரின் காது வழியாக, ஒரு ஜெர்மன் கவிஞரின் கை வழியாக, உலக இலக்கியத்துக்குள் போயிருக்கிறது. கேத்தேயின் பெயர் தெரியும். சொன்னேராவின் பெயர் தெரியும். புவாசொன் பெயர்கூடத் தெரியும்.

யார் சொன்னது என்று கேட்காவிட்டால்

"பெயரில் என்ன இருக்கு, கதை போய்ச் சேர்ந்ததுதானே" என்று சிலர் கேட்கலாம். என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், அதே காவியக் கவிஞர் வோல்தேர்.

1760 இல் இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி அவருக்கு ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர் 'எசூர்வேதம்'. மிகப் பழைய இந்து வேத நூலின் மொழிபெயர்ப்பு என்று வோல்தேர் நம்பினார். 1761 இல் அரச நூலகத்துக்குக் கொடுத்தார். தன் நூல்களில் எடுத்தாண்டார். 1778 இல் அது அச்சிலும் வந்தது. உண்மையில் அது வேதமே இல்லை. இந்தியாவில் இருந்த பிரெஞ்சு மிஷனரிகளின் வட்டத்தில், கிறிஸ்தவக் கருத்துக்கு வழி திறப்பதற்காக எழுதப்பட்டது. அதை வேதம் இல்லை என்று 1782 இல் அச்சில் சொன்னவர் யார் தெரியுமா? சொன்னேரா. ஆட்களோடு இருந்து கேட்டு எழுதியவருக்கு எது உள்ளூர்க் குரல், எது இல்லை என்று பிடிபட்டிருக்கிறது.

அதே காலத்தில் புதுச்சேரியில் மரிதாஸ் பிள்ளை என்று ஒரு தமிழர் இருந்தார். பிரெஞ்சு நிர்வாகத்தில் மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழில் இருந்த பாகவதத்தைத் தானே பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்து 1769 இல் முடித்தார். கண்ணன் கதை உள்ள ஒரு உண்மையான நூல், தமிழர் ஒருவரே செய்த மொழிபெயர்ப்பு. பாரிஸில் அது புத்தகமானது 1788 இல். பத்தொன்பது வருடங்கள் காத்துக் கிடந்தது. போலி வேதம் அதற்குப் பத்து வருடம் முந்தி அச்சாகிவிட்டது.

மரிதாஸ் பிள்ளையை நான் முதன்முதலில் வாசித்தபோது ஏதோ சொந்தக்காரர் ஒருவரைக் கண்ட மாதிரி இருந்தது. ஒரு வாயில் இரண்டு மொழி. வீட்டில் தமிழ், வேலையில் பிரெஞ்சு. வைத்தியசாலையில் அம்மம்மாவுக்கு மொழிபெயர்த்த, வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களை எட்டு வயதில் அம்மாவுக்கு வாசித்துச் சொன்ன எங்கள் எல்லாருக்கும் அவர் ஒரு மூத்த அண்ணர்.

இராமநாதபுரத்துச் சுவர்

எங்கட ஆக்கள் படமே வரையவில்லையா? வரைந்தார்கள்.

பிக்காரின் தொகுதி ஆம்ஸ்டர்டாமில் வரத் தொடங்கிய அதே காலத்தில், இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னரின் இராமலிங்க விலாசம் அரண்மனையில் சுவரும் கூரையும் முழுக்க ஓவியம் தீட்டினார்கள். இராமன் கட்டிய சேதுவுக்குக் காவலர் என்பதால்தான் அந்த அரசர்களுக்குச் சேதுபதி என்று பெயர். ஆகவே அங்கே இராமாயணக் காட்சிகள் இருப்பதில் வியப்பில்லை. காட்சிக்குப் பின் காட்சியாகக் கதை நகர்கிறது. கிராவெலோ தாசோவுக்குச் செய்ததை, பெயர் தெரியாத எங்கட ஓவியர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே சுவரில் செய்துவிட்டார்கள். படங்களோடு தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பிள்ளையாரைப் 'பொலெயார்' என்று வாசிக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

இன்னொரு சுவையான விஷயம். அந்தச் சுவர்களில் சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் உண்டு. அவர்கள் எங்களை வரைந்த காலத்தில் நாங்களும் அவர்களை வரைந்திருக்கிறோம்.

ஆனால் சுவர் ஓரிடத்தில் நிற்கும். தாள் பயணம் போகும். பிக்காரும் சொன்னேராவும் பல மொழிகளுக்கும் நூலகங்களுக்கும் போனார்கள். கணினியில் தேடினால் முதலில் வருவது அந்தப் படங்கள்தான். எங்கட கதையை உலகம் எந்தப் படத்தில் முதலில் கண்டது என்பதை, எது அழகு என்பது தீர்மானிக்கவில்லை, எது அச்சானது என்பதே தீர்மானித்தது.

இனி உங்களுக்கு ஒரு வேலை

எனக்கு இராமாயணம் சொன்னது கம்பனும் இல்லை, சொன்னேராவும் இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டில், சூடேற்றிக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மம்மா சொன்ன கதை அது. அவவின் இராவணன் நல்ல வீணை வாசிப்பான். அவவின் அனுமார் கடலைத் தாண்டும்போது கீழே காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியும். எந்தப் பதிப்பிலும் அது இல்லை. அவ போய் எட்டு வருடம். நான் ஒன்றையும் பதிவு செய்து வைக்கவில்லை. கைபேசி கையில்தான் இருந்தது.

இதை மருமகளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை தன் பள்ளிக்கூட வேலையைக் கொண்டுவந்து காட்டினாள். சொன்னேராவின் பிள்ளையாரை அச்செடுத்து ஒட்டியிருந்தாள். கீழே பிரெஞ்சில் மூன்று வரி. வரைந்தவர் சொன்னேரா. செதுக்கியவர் புவாசொன். மூன்றாவது வரியில், சொல்லிக் கொடுத்தவர், தமிழ் பேசிய ஒருவர், பெயர் எழுதப்படவில்லை.

நீங்கள் அடுத்த முறை நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இணையத்திலோ எங்கட கதை ஒன்றின் பழைய படத்தைக் கண்டால், அழகாக இருக்கிறது என்று மட்டும் நகராதீர்கள். அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பெரிதாக்கி வாசியுங்கள். வரைந்தது யார், செதுக்கியது யார், எந்த அலுமாரியில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த மூன்றாவது பெயரைத் தேடுங்கள். சில வேளை கிடைக்கும். கிடைக்காவிட்டால், பெயர் எழுதப்பட்ட விதத்தில் ஒரு தமிழ் 'ன்' ஆவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முதல் வேறொன்று. உங்கட வீட்டில் இன்னும் கதை சொல்லும் ஒரு ஆள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் போய் இருங்கோ. பதிவு பண்ணுங்கோ. கோப்பைச் சேமிக்கும்போது 'இராமாயணம்' என்று பெயர் வைக்காதீர்கள். சொன்னவரின் பெயர், அவர் பிறந்த ஊர், திகதி. இந்த மூன்றையும் போடுங்கோ.